நோஸ்ஃபெராட்டு பகல்ல நடக்கல, நீங்க பாத்த காப்பில ராத்திரி இல்ல

நீங்க கேட்டத நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு முதல்ல சொல்லிடறேன். 1922ல வந்த ஜெர்மன் ஊமைப்படம் நோஸ்ஃபெராட்டுவ இணையத்துல இலவசமா கிடைக்கிற ஒரு கருப்பு வெள்ளை காப்பில பாத்திருக்கீங்க. அதுல இரத்தக்காட்டேரியான கவுன்ட் ஓர்லாக் நல்ல பளிச்சுன்னு வெளிச்சத்துல, தன்னோட சவப்பெட்டியத் தானே தூக்கி இடுக்கிட்டு ஊருக்குள்ள நடந்து போறாரு, ஆனா அதே ஆளு கடைசில ஜன்னல் வழியா விடியல் வெளிச்சம் பட்டதும் புகையாப் போயிடறாரு. அப்போ முன்னாடி பட்ட வெயில் ஏன் ஒண்ணும் பண்ணல, இது கதைல இருக்கற ஓட்டையா, இல்ல அந்தக் காலத்துல இதையெல்லாம் யாரும் கண்டுக்க மாட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க. கூடவே ஆளுங்க ஏன் எல்லாரும் விறுவிறுன்னு ஓடுறாங்க, சில காப்பில பேரு ஏன் டிராகுலான்னு வருதுன்னும் ஒரு வரி போட்டிருக்கீங்க. இத்தனைக்கும் அடியில உங்க உண்மையான கேள்வி வேறன்னு எனக்குத் தோணுது, இந்தப் படத்த எல்லாரும் தலைல வச்சு கொண்டாடுறாங்களே, எனக்கு மட்டும் ஏன் பயமே வரலங்கறதுதான் அது. அதுக்கும் சேத்தே பதில் சொல்றேன்.

நான் சென்னைல ஒரு ஃபிலிம் லேப்ல கிரேடிங் பக்கம், அதாவது படத்தோட கலரையும் வெளிச்சத்தையும் சரி பண்ற வேலைல, ரொம்ப வருஷம் இருந்தவன், லேப் மூடினதுக்கப்புறம் பழைய பிரிண்ட்ட சுத்தம் பண்ணி ஸ்கேன் பண்ற வேலைக்குப் போனேன். அதனால ஃபிலிம், சாயம், பிரிண்ட், ஸ்பீடு சம்பந்தமா நான் சொல்றத நீங்க தைரியமா எடுத்துக்கலாம். இலக்கியம் என் துறை இல்ல, ஜெர்மனும் எனக்குப் படிக்க வராது, கதைக்கு அர்த்தம் சொல்ற இடத்துல மட்டும் அது என் யூகம்னு சொல்லிட்டே சொல்றேன்.

நேரா விஷயத்துக்கு வரேன். ஓர்லாக் சவப்பெட்டிய தூக்கிட்டு நடக்கற அந்த சீன் ராத்திரி சீன். ஷூட் பண்ணது பகல்ல, அதுல சந்தேகமே இல்ல, தரைல நிழல் விழறத நீங்களே பாத்தீங்க. ஆனா 1922ல தியேட்டர்ல உக்காந்து பாத்தவனுக்கு அந்த சீன் நீலமா தெரிஞ்சுது. பிரிண்ட்ட சாயத் தொட்டில முக்கி நீலமா ஆக்கிடுவாங்க. நீலம் வந்தா ராத்திரின்னு அன்னிக்கு படம் பாக்கற எல்லாருக்கும் பழக்கம், யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்ல. பகலும் விளக்கு எரியற ரூமும்னா மஞ்சள் இல்லன்னா ஆரஞ்சு கலந்த பழுப்பு, ராத்திரின்னா நீலம் இல்லன்னா நீலப்பச்சை, விடியல்னா ரோஸ். உங்க காப்பில இது எதுவுமே இல்ல. படத்துல இருந்து சாயத்த எடுத்தா அழகு மட்டும் போகல, நேரமே போயிடுது. எப்போ பகல், எப்போ ராத்திரின்னு சொல்லிட்டிருந்த ஒரே விஷயம் அந்த சாயம்தான். கதையே பகல் ராத்திரிய நம்பி ஓடற ஒரு படத்துக்கு இது நடந்தா என்ன மிஞ்சும்னு யோசிச்சுப் பாருங்க, நீங்க கேட்ட கேள்விதான் மிஞ்சும்.

ஏன் ராத்திரிலயே எடுக்கலன்னு அடுத்து கேப்பீங்க. அன்னிக்கு புழக்கத்துல இருந்த ஃபிலிம் ரொம்ப மந்தமானது, வெளிச்சம் கொட்டினாத்தான் அதுல படம் பதியும். போதாததுக்கு அது பெரும்பாலும் ஆர்த்தோகுரோமேட்டிக் ரகம், சிவப்பு அதுக்குத் தெரியவே தெரியாது, நீலத்த அளவுக்கு மீறி வாங்கும். அதனாலதான் பழைய படங்கள்ல உதடு கருப்பா இருக்கும், ஆகாயம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். ஒரு ஊர் துறைமுகத்தையே ராத்திரில ஆர்க் லைட் போட்டு வெளிச்சமாக்கறது பெரிய கம்பெனிகளுக்கே கஷ்டம், இந்தப் படத்த எடுத்த பிரானா ஃபிலிம் மொத்தமே இந்த ஒரு படம்தான் எடுத்துச்சு. அதுலயும் இயக்குநர் முர்னாவ் அன்னிக்கு ஜெர்மன்ல பரவலா இருந்த மாதிரி செட்டுக்குள்ளயே முழு ஊரையும் கட்டி எடுக்கல, நிஜ இடத்துக்குப் போனாரு. ஊர் சீன்லாம் வடக்கு ஜெர்மனில விஸ்மர், லூபெக் ஊர்கள்ல எடுத்தது, ஓர்லாக் வந்து குடியேறற அந்தப் பாழடைஞ்ச கட்டிடம் லூபெக்ல இருக்கற பழைய உப்புக் கிடங்கு, இன்னிக்கும் நிக்குது. கோட்டை ஸ்லோவாக்கியால இருக்கற ஓராவா கோட்டை. நிஜ இடம், மந்தமான ஃபிலிம், ராத்திரி கதை, இந்த மூணும் ஒண்ணு சேந்தா பகல்ல எடுத்து நீலச் சாயம் போடறது தவிர வேற வழியே கிடையாது. நாங்க லேப்ல டே ஃபார் நைட்னு சொல்லி கிரேடிங்ல பண்ணது இதோட பேரப்பிள்ளைதான், கேமராமேன் பகல்ல குறைச்சலா எக்ஸ்போஸ் பண்ணி கொண்டு வருவாரு, நாங்க பிரிண்ட்ல நீலத்த ஏத்துவோம். அந்த நெகட்டிவ்வ எடுத்து எந்தக் கரெக்‌ஷனும் இல்லாம அப்படியே பிரிண்ட் போட்டா என்ன தெரியும், பகல்தான் தெரியும். உங்களுக்கு நடந்தது அதேதான்.

சாயம் எப்படிக் காணாமப் போச்சுங்கறதுதான் இதுல முக்கியம். சாயம் நெகட்டிவ்ல கிடையாது. நெகட்டிவ் சுத்தமான கருப்பு வெள்ளை, அதுலேந்து பிரிண்ட் போட்டு, நீலம் வேண்டிய துண்டுகள தனியா, மஞ்சள் வேண்டிய துண்டுகள தனியா சாயத்துல போட்டு காய வச்சு, அப்புறம் கதை வரிசைல ஒட்டுவாங்க. ஒரு தடவ இந்தக் காலத்து ஐரோப்பிய பிரிண்ட் துண்டு ஒண்ண லைட் டேபிள்ல வச்சு பாக்கற வாய்ப்பு ஒரு பயிற்சில எனக்குக் கிடைச்சுது, நைட்ரேட் ஃபிலிம், லேசா கற்பூர வாசனை வந்துச்சு (செல்லுலாய்டு செய்யறதுல கற்பூரம் சேக்கறது வழக்கம்). ஃப்ரேம் மட்டும் இல்ல, ஓரத்துல பல்சக்கரம் மாட்டற ஓட்டை இருக்கே, அந்தப் பட்டை வரைக்கும் நீலம் ஏறி இருந்துச்சு. அப்படி இருந்தா அது டின்டிங், அதாவது ஃபிலிம் மேல இருக்கற ஜெலட்டின் மொத்தமும் சாயம் குடிச்சிருக்கு. ஓரம் வெள்ளையா இருந்து படத்துல கருப்பு இருக்கற எடம் மட்டும் கலரா மாறி இருந்தா அது டோனிங், அது வேற வேலை, அங்க படமா பதிஞ்சிருக்கற வெள்ளியையே ரசாயனத்தால மாத்துவாங்க. நான் பாத்த துண்டுல நீலம் முடிஞ்சு மஞ்சள் ஆரம்பிக்கற எடத்துல ஒரு ஒட்டு இருந்துச்சு, அந்த ஒட்ட விரலால தடவினா ஒரு சின்ன மேடு தட்டுப்படும். ராத்திரிக்கும் பகலுக்கும் நடுவுல இருக்கற எல்லைய நிஜமாவே கையால தொட முடியும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இப்போ இந்தப் பிரிண்ட்லேந்து பிற்காலத்துல ஒருத்தர் காப்பி எடுக்கறாருன்னு வைங்க. நைட்ரேட் சட்டுன்னு தீப்பிடிக்கும், நாளாக ஆக மட்கியும் போகும், அதனால பாதுகாப்பான ஃபிலிமுக்கு மாத்தியே ஆகணும். கலர் ஃபிலிம் விலை ஜாஸ்தி, சீக்கிரம் வெளுத்தும் போகும், எனவே கருப்பு வெள்ளைல எடுத்தாங்க. உலகம் பூரா பல வருஷம் இப்படித்தான் நடந்துச்சு, படத்தக் காப்பாத்தறோம்னு நல்ல எண்ணத்துல பண்ணதுதான், அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அப்படி எடுத்த காப்பியோட காப்பியோட காப்பிதான் இலவசமா எல்லா இடத்துலயும் சுத்துது, ஊமைப்படம்னாலே கருப்பு வெள்ளைன்னு ரெண்டு மூணு தலைமுறை நம்பினதுக்கும் அதான் காரணம். அந்தக் காலத்துப் படங்கள்ல பெரும்பாலானது ஏதாவது ஒரு வகைல கலரோடதான் திரைக்கு வந்துச்சு.

நோஸ்ஃபெராட்டுக்கு இன்னொரு ஆபத்தும் சேந்துச்சு, உங்க பேர் குழப்பத்துக்கு பதில் அதுலதான் இருக்கு. இது பிராம் ஸ்டோக்கர் 1897ல எழுதின டிராகுலா நாவல்தான், ஆனா உரிமை வாங்கல. திரைக்கதை எழுதின ஹென்ரிக் காலீன் பேர எல்லாம் மாத்தினாரு, டிராகுலா ஓர்லாக் ஆனாரு, கோட்டைக்குப் போற ஜோனதன் ஹார்க்கர் ஹுட்டர் ஆனாரு, அவர் மனைவி மீனா எல்லென் ஆனாங்க, இங்கிலாந்து போய் விஸ்போர்க்னு ஒரு கற்பனை ஜெர்மன் ஊர் வந்துச்சு. இத்தனை மாத்தியும் நாவல்லேந்து எடுத்ததுதான்னு படத்துல வெளிப்படையாவே போட்டாங்க. ஸ்டோக்கர் 1912லயே இறந்துட்டாரு, அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் ஸ்டோக்கர் எழுத்தாளர் சங்கம் மூலமா கேஸ் போட்டாங்க. பிரானா ஃபிலிம் திவால், பணம் வரப் போறதில்ல, எனவே எல்லா காப்பியையும் அழிக்கணும்னு கேட்டு 1925ல கோர்ட் உத்தரவும் வாங்கினாங்க. அந்த அம்மா பக்கம்தான் நியாயம்னு நான் நினைக்கறேன், புருஷன் எழுதின புத்தகம்தான் அவங்களுக்கு இருந்த சொத்து. ஆனா அதுக்குள்ள பிரிண்ட்கள் பல நாட்டுக்குப் போயிருந்துச்சு, அதுங்கதான் தப்பிச்சுது. ஒரிஜினல் நெகட்டிவ் இன்னிக்கு இல்ல. அப்படி வெளிநாட்டுல மிஞ்சின காப்பிகள ஒவ்வொருத்தரும் அவங்க பாஷைல தலைப்பு அட்டை (நடுநடுவுல வசனம் எழுதிக் காட்டற அட்டை) போட்டு ஓட்டினாங்க, அமெரிக்கால சுத்தின காப்பில நாவல்ல இருக்கற பேரையே திரும்பப் போட்டுட்டாங்க. டிராகுலா, ஹார்க்கர், ரென்ஃபீல்ட்னு வரும், மீனா மட்டும் நீனா ஆயிட்டாங்க, விஸ்போர்க்குக்கு பதிலா பிரேமன்ங்கற நிஜ ஜெர்மன் ஊர். அட்டைல பேரு டிராகுலான்னு வந்தா நீங்க பாக்கறது அந்த வழில வந்த காப்பின்னு அர்த்தம், அதுல பெரும்பாலும் சாயமும் இருக்காது.

ஸ்பீடு விஷயத்துக்கு ஒரு சின்ன கணக்கு போதும். படம் ரிலீஸ் ஆனப்போ நீளம் 1967 மீட்டர். 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃப்ரேம், அப்போ மொத்தம் ஒரு லட்சத்து மூவாயிரம் ஃப்ரேம் சொச்சம் வருது. செகண்டுக்கு 18 ஃப்ரேம்னு ஓட்டினா ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல, சுமார் 95 நிமிஷம். பேசும்பட ஸ்பீடான 24ல ஓட்டினா 72 நிமிஷத்துலயே முடிஞ்சிடும். கேமராவ கையால சுத்தின காலம், 24ங்கறது பேசும்படத்தோட வந்த கணக்கு. 18ல எடுத்தத 24ல ஓட்டினா மூணு அடி நடக்கற நேரத்துல ஆளு நாலு அடி நடப்பான், பயமுறுத்த வர்றவன் பஸ்ஸ விட்டவன் மாதிரி இருப்பான். உங்க காப்பி எத்தன நிமிஷம்னு பாருங்க, ரொம்ப குறைச்சலா இருந்தா ஒண்ணு ஸ்பீடு தப்பு, இல்ல சீன்கள வெட்டியிருக்காங்க, ரெண்டும் சேந்தும் இருக்கலாம்.

ஆனா ஒரு எச்சரிக்கை, எல்லா வேகமும் தப்பு இல்ல. ஹுட்டர ஓர்லாக்கோட கோட்டைக்கு கூட்டிட்டுப் போக வர்ற அந்தக் குதிரை வண்டி வெட்டி வெட்டி வர்றது, ஓர்லாக் பெட்டிகள வண்டில அடுக்கிட்டு மேல ஏறிப் படுக்க மூடி தானா வந்து உக்கார்றது, இதெல்லாம் முர்னாவ் வேணும்னே பண்ணது. மெதுவா சுத்தியும், ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தியும் எடுத்தது. அந்த வண்டி காட்டுக்குள்ள போறப்போ ஒரு ஷாட் நெகட்டிவாவே வரும், மரம் வெள்ளை, ஆகாயம் கருப்பு. மத்த ஆளுங்க எல்லாம் இயல்பா நடக்கற ஸ்பீடுல படம் ஓடினாத்தான் இந்த வேகம் இந்த உலகத்தோடது இல்லன்னு உங்க கண்ணுக்கு உறைக்கும். எல்லாமே ஓடிட்டிருந்தா எது மந்திரம் எது மெஷின் கோளாறுன்னு எப்படிப் பிரிப்பீங்க.

திரும்ப உங்க முதல் கேள்விக்கு வரேன், அதுல ஒரு சுவாரசியமான முடிச்சு இருக்கு. சூரிய வெளிச்சம் பட்டா இரத்தக்காட்டேரி செத்துடுங்கறது ஸ்டோக்கர் நாவல்ல கிடையாது. நாவல்ல டிராகுலா பகல்ல லண்டன் பிக்காடில்லி பக்கம் நடமாடுறத ஹார்க்கரே பாக்கறாரு, பகல்ல சக்தி குறைவு, அவ்ளோதான். கடைசில சாகறதும் சூரியன் அஸ்தமிக்கற நேரத்துல, ரெண்டு பேரோட கத்தியால, அதுல ஒண்ணு குக்ரி கத்தி. நல்ல மனசுக்காரி ஒருத்தி தன் ரத்தத்தக் குடுத்து விடியற வரைக்கும் அவன நிறுத்தி வைக்கறதும், கோழி கூவி வெளிச்சம் பட்டு அவன் கரையறதும் இந்தப் படம் சேத்தது. பின்னாடி வந்த இத்தன படங்களும் அதத்தான் எடுத்துக்கிச்சு. அதாவது வெளிச்சம்னா சாவுங்கற விதிய சினிமால கொண்டு வந்ததே இந்தப் படம், அந்த விதிய நடுவுல மறந்துட்டாங்கன்னு நினைக்கறது பொருந்தாது. ஏன் கத்திய விட்டுட்டு வெளிச்சத்த எடுத்தாங்கன்னு கேட்டா என் யூகம், வெளிச்சத்தால உருவம் வர்றதும் வெளிச்சத்தால உருவம் அழியறதும் ஃபிலிம்ல வேலை செய்யறவனுக்கு தினசரி விஷயம், ரெண்டு ஷாட்ட டிசால்வ் பண்ணா, அதாவது ஒண்ணு மங்கி இன்னொண்ணா மாறற மாதிரி சேத்தா, ஒரு மனுஷன் காணாமப் போயிடுவான். யூகம்தான், ஆதாரம்னு எடுத்துக்காதீங்க.

சாயம் விஷயத்துல எவ்வளவு உறுதின்னு சொல்றது என் கடமை. இன்னிக்கு கிடைக்கறதுல முழுமையானது 2006ல முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெர்ரியாதுவா தலைமைல பண்ண மீட்பு, அதாவது மிஞ்சின பழைய காப்பிகள வச்சு படத்த திரும்ப ஒண்ணு சேத்த வேலை. அதுக்கு அடிப்படை பாரிஸ்ல சினிமாதெக் ஃப்ரான்சேஸ்ங்கற படக் காப்பகத்துல இருந்த 1922ம் வருஷத்து சாயமேத்தின நைட்ரேட் பிரிண்ட், பிரெஞ்சு தலைப்பு அட்டையோட. அதுல இல்லாத ஷாட்கள வேற காப்பிகள்லேந்து சேத்தாங்க. எனவே ராத்திரி சீனுக்கு நீலம், பகலுக்கு மஞ்சள்ங்கற பிரிவு ஆவணத்துல இருக்கறது, இஷ்டத்துக்குப் போட்டது கிடையாது. ஆனா அது பிரெஞ்சு பிரிண்ட். 1922 மார்ச் 4ம் தேதி பெர்லின் விலங்குக்காட்சிசாலை அரங்குல ஓடின அந்த முதல் காப்பில நீலம் இதே நீலமா, ஒவ்வொரு ஷாட்லயும் இதே கலர்தானான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் போற பிரிண்ட்டுக்கு சாயம் கொஞ்சம் மாறும், நூறு வருஷத்துல சாயம் வெளுக்கவும் செய்யும். ராத்திரி ராத்திரியா தெரிஞ்சுதுங்கறது உறுதி, எந்த அளவு அடர்த்திங்கறது மீட்டவங்க கண்ணும் அனுபவமும். நானும் அந்த நாற்காலில உக்காந்து பழகினவன், ரெண்டு பாயிண்ட் நீலம் கூட்டறதா குறைக்கறதான்னு அரை நாள் போயிருக்கு.

இசையும் இதே மாதிரிதான். ஹான்ஸ் எர்ட்மன் இந்தப் படத்துக்குன்னு எழுதின இசை முழுசா மிஞ்சல, அதுலேந்து எடுத்து அவர் வெளியிட்ட ஒரு தொகுப்ப வச்சு பெர்ன்ட் ஹெல்லர் மறுபடி கட்டியிருக்காரு, 2006 மீட்புல வர்றது அது. இலவச காப்பிகள்ல சம்பந்தமே இல்லாத ஆர்கன் இசை ஓடிட்டிருக்கும், அதக் கேட்டு படத்த எடை போடாதீங்க. அப்புறம் ஓர்லாக்கா நடிச்ச மாக்ஸ் ஷ்ரெக் நிஜமாவே காட்டேரிங்கற கதைய யாராவது அனுப்பினா நம்ப வேண்டாம், அவர் மேடை நடிகர், மாக்ஸ் ரைன்ஹார்ட் நாடகக் குழுல இருந்தவரு, ஷ்ரெக்ங்கறது ஜெர்மன்ல திகில்னு அர்த்தம் வர்ற அவரோட சொந்தப் பேரு.

பயம் வரலன்னு சொன்னதுக்கு என் அனுபவம் ஒண்ணு. இருபது வயசு வாக்குல ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடல்ல சாயம் போன 16 எம்எம் காப்பில இதப் பாத்தேன், சவப்பெட்டிய தூக்கிட்டு குடுகுடுன்னு நடக்கற எடத்துல ஹால் முழுக்க சிரிப்பு, நானும் சிரிச்சேன். பல வருஷம் கழிச்சு மீட்ட காப்பிய பெரிய திரைல பாத்தேன். கப்பல் ஆளே இல்லாம துறைமுகத்துக்குள்ள தானா நுழையுது, எல்லாம் நீலம், ஓர்லாக் அந்தப் பெட்டிய அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு சந்து ஓரமா நின்னு அண்ணாந்து பாக்கறாரு, தூங்கற ஊருக்குள்ள ஒருத்தன் தன் சவப்பெட்டி மண்ண தானே சுமந்துக்கிட்டு வீடு தேடி வர்றான். ஒருத்தர் கூட சிரிக்கல. பக்கத்துல இருந்த பெரியவர் காலத் தூக்கி சீட்டுல மடக்கி வச்சுக்கிட்டாரு.

அதனால நான் சொல்றது இதான். 2006 மீட்பு, ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஓடறது, ஜெர்மன் தலைப்பு அட்டை, கீழ இங்கிலீஷ் சப்டைட்டில், எர்ட்மன் இசை, இத தேடிப் புடிச்சு பாருங்க, ப்ளூரேல கிடைக்குது. டிவில அசைவ வழவழப்பாக்கற மோஷன் ஸ்மூத்திங் மாதிரி ஏதாவது ஆன்ல இருந்தா நிறுத்திடுங்க, கலர விவிட் மோட்ல வைக்காதீங்க, நீலம் கண்ணக் குத்தும். ரூம் லைட்ட அணைங்க. முதல்ல துறைமுக சீன மட்டும் ரெண்டு காப்பிலயும் அடுத்தடுத்து போட்டுப் பாத்துட்டு அப்புறம் முழுப் படத்த ஆரம்பிங்க. கடைசில மாடிப்படில ஓர்லாக்கோட நிழல் மட்டும் ஏறும், விரல் நீண்டு கதவத் தொடும், அப்புறம் எல்லென் நெஞ்சு மேல அந்தக் கை நிழல் ஒரு பிடி பிடிக்கும். அங்கேந்து கலர கவனிச்சுட்டே வாங்க, கோழி கூவற வரைக்கும்.